அக்கரைப் பள்ளிக்கூடம்

யோவிதா படகின் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்ததைக் கரையில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள்.

பன்னிரண்டு வயது. மீனவர் மகள்தான். ஆனால் கடல் என்றாலே அவளுக்குக் குலை நடுங்கும். இதுவரை இரண்டே முறை தீவைத் தாண்டி அக்கரை நகரமான லரந்துக்காவுக்குப் போயிருக்கிறாள். இரண்டு முறையும் வாந்தி, அழுகை.

போன வருடம்வரை ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் மேலே படிக்க இந்தக் கடலைத் தாண்டியாக வேண்டியிருந்தது. பாதிப் பேர் படிப்பையே விட்டுவிடுவார்கள். இந்த வருடம் தீவின் தொடக்கப் பள்ளியிலேயே ஏழாம் வகுப்பு வந்துவிட்டது. அதே கூரை, அதே பெஞ்சு, தெரிந்த முகங்கள். அவளோடு படித்த பதினொரு பேரும் அங்கேயே சேர்ந்தார்கள்.

யோவிதா மட்டும் அக்கரைப் பள்ளிதான் வேண்டும் என்று மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாள். ஏன் என்று கேட்டால் வாய் திறக்கவில்லை.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல, எறங்கிடு கண்ணு," என்றார் அப்பா, இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி. "அங்க எண்ணூறு பிள்ளைங்க. உன்ன யாருக்குத் தெரியும்?"

அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள்.

தாமியானுஸ் வாத்தியாரும் வழியனுப்ப வந்திருந்தார். ஆறு வருடமாக அவளுக்குப் பாடம் சொன்னவர். இனி ஏழாம் வகுப்புக்கும் அவர்தான். ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"நாலு அலை அடிச்சா நாளைக்கே நம்மகிட்ட ஓடி வந்துருவா, பாருங்க!"

கரையே சிரித்தது.

மோட்டார் உறுமியது. முதல் அலை படகைத் தூக்கிப் போட்டது. யோவிதா கண்ணை இறுக மூடிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டாள்.

கண்ணைத் திறந்தபோது, கையசைப்பதற்காக வாத்தியார் வலது கையை ஓங்கி உயர்த்தினார்.

நடுவில் முப்பது அடித் தண்ணீர் இருந்தது. இருந்தும் அவள் தோள் சட்டென்று ஒடுங்கியது. கை தானாகப் போய் இடது காதைப் பொத்தியது.

அந்தக் காது போன மழைக்காலத்திலிருந்து கேட்பதில்லை. பலா மரத்திலிருந்து விழுந்துவிட்டதாக வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

கரையில் அந்தக் கை ஒரு புள்ளியாக ஆன பிறகுதான் கடல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.