கால்வாய்ப் பரிசோதனை

மலாக்காவின் காஜா பெராங் பகுதிக்கு மேல் மேகம் கறுத்தது. தான் கட்டிய தெருக் கால்வாயின் ஓரத்தில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் காண்டிராக்டர் ராஜரத்தினம். மாலையில் முனிசிபல் அதிகாரி வருகிறார். கால்வாய் தேறினால்தான் அடுத்து செமாபோக் பகுதிக் கால்வாய் வேலையும் கிடைக்கும்.

மனைவி கமலவேணி தேநீருடன் வந்தாள்.

“கவலைப்படாதீங்க, மழை வராது. குச்சியில மிளகாயும் வெங்காயமும் குத்தி வாசல்ல நட்டுட்டேன். மழையை நிறுத்த மலாய்க்காரங்க கல்யாணத்துக்குச் செய்றதுதானே!”

“ஐயையோ! யாருடி உன்னைச் செய்யச் சொன்னது?”

“மழை வந்து தண்ணி வழிஞ்சா உங்க மானம் போகாதா?”

“நாடு மெர்டேக்கா வாங்கி வெள்ளைக்காரன் போனதுக்கு அப்புறம் சட்டம் மாறிப்போச்சு. முன்னெல்லாம் அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டாங்க. இப்ப மழைத்தண்ணி ஓடுறதைக் கண்ணால பார்த்தாத்தான் போடுவாங்க. அதுக்குத்தான் சொன்ன அளவைவிட ஒரு சாண் கூடுதல் அகலமாவே கட்டியிருக்கேன். ஓடிப்போய் அதைப் பிடுங்கு!”

கமலவேணி நகரவில்லை.

“நம்ம வீட்டுல பிடுங்கினா போதுமாங்க? உங்களுக்காகத் தெருவே நட்டு வச்சிருக்கு.”

மாலையில் குடையோடு வந்த அதிகாரி, “காண்டிராக்டர் எங்கே?” என்று கேட்டார். எதிர்வீட்டுப் பூச்செடிகளுக்குள் மண்டியிட்டு மிளகாய் பிடுங்கிக்கொண்டிருந்த ராஜரத்தினத்தின் மேல் மழை கொட்டத் தொடங்கியது. அவர் எழுந்து, நனைந்த சட்டையோடு, முகமெல்லாம் சிரிப்பாக வணக்கம் சொன்னார்.