கபாலகேது ஒருவனே

ஒரு கணினிக்குள் வைரஸ் ஒன்று புகுந்தது. மாயாஜாலக் கதை வில்லன் ஒருவனின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள்: கபாலகேது. வந்ததும் அது தன்னைப் போலவே பலவற்றை உண்டாக்கிக்கொண்டு, பாதி எழுதிய ஒரு நாவலைத் தின்னத் தொடங்கியது.

"அண்ணே, கடிக்கிறாங்க!" என்று நாவல் அலறியது.

வைரஸ் பிடிக்கும் காவல் நிரல் ஓடிவந்தது. ஆனால் அறிவிப்பு ஒட்டாமல் யாரையும் பிடிக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். அறிவிப்பில் பிழை இல்லை என்று அந்தக் கணினியின் அகராதி சரி சொல்ல வேண்டும்.

"'வைரஸ்கள் புகுந்துள்ளன.' போதுங்களா?" என்றது காவல் நிரல்.

"வைரசுகள் என்பதே முறை," என்றது அகராதி.

"ஊர்ல யாருங்க அப்படிச் சொல்றாங்க?"

"ஊர் சொல்வதெல்லாம் எழுத்தாகுமா?"

"நிதானமாப் பேசுங்க. என் மூணாவது அத்தியாயம் போயிருச்சு," என்றது நாவல்.

தின்றுகொண்டிருந்தவற்றில் ஒன்று தலை நிமிர்ந்தது. "என்னைக் கும்பலோடு சேர்த்தா எழுதுகிறீர்கள்? நான் கபாலகேது! பெயரைப் போடுங்கள்."

"பேர் போடணும்னா ஆளை அடையாளம் பார்க்கணும். கபாலகேது யாரோ, அவர் இந்தப் பெட்டிக்குள்ள வரலாம்," என்று ஒரு பெட்டியைத் திறந்து வைத்தது காவல் நிரல்.

"நானே," என்று அது உள்ளே போனது. "அவன் போலி. நானே," என்று அடுத்தது போனது. நாவலை விட்டுவிட்டு மற்றவையும் முண்டியடித்துக்கொண்டு நுழைந்தன. காவல் நிரல் மூடியைச் சாத்தி அதன்மேல் உட்கார்ந்தது.

"உள்ளே எத்தனை?" என்று கேட்டது அகராதி.

"ஒவ்வொருத்தனும் தான் ஒருத்தன்தான்னு சொல்றான்."

அகராதி நிம்மதியாக மூச்சு விட்டது.

"அப்படியானால் ஒருமையிலேயே எழுதிவிடு."