ஆல்தோ போட்டு ஒரு வாக்கியம்

அல்லிநகரத்துல சாயங்கால இங்கிலீஷ் வகுப்பு. கடைசி பெஞ்சுல யுவராணியப் பாத்ததும் ஈஸ்வரபாண்டி சாருக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு.

"நாப்பது வயசுல இங்கன எதுக்கு வந்தீக?"

"படிக்கத்தான் சார்."

"அப்ப 'இருந்தாலும்'னு அர்த்தம் வர்ற மாதிரி, ஆல்தோ போட்டு ஒரு வாக்கியம் சொல்லுங்க. தப்பாயிருச்சுன்னா கிளம்பிரணும்."

எல்லாரும் சிரிச்சாக. யுவராணி நிமிந்து நின்னு சொன்னா: "ஆல்தோ மை ஹஸ்பண்ட் இஸ் அன் இங்கிலீஷ் டீச்சர், ஹி டிட் நாட் டீச் மீ."

"அடப்பாவி! கட்டுன பொண்டாட்டிக்கே சொல்லித்தராத அந்த இங்கிலீஷ் வாத்தியாரு யாருக்கா?"ன்னு பக்கத்துல இருந்த பவானி கேட்டா.

யுவராணி அதக் காதுல வாங்கல. "தப்பு இருக்கா சார்?"

"இல்ல..." சார் போர்டுப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. "உக்காருங்க."

வகுப்பு முடிஞ்சதும் யுவராணி அவரு பைக் பக்கத்துல போய் நின்னா.

"வண்டிய எடுங்க, வீட்டுச் சாவி எங்கிட்டத்தான் இருக்கு. நாளைக்கு வரும்போதும் என்னைய ஏத்திட்டுத்தான் வரணும்."