கெப்டன் என்ன சாப்பிட்டார்?

“கால் நகம் வெட்டுவோம் அங்கிள்” என்றார் உம்மாவோடு பெண் பார்க்க வந்திருந்த பைலட் மாப்பிள்ளை ஹஸீப். “லண்டனுக்குப் பதினொரு மணித்தியாலம். மேல ஏறின பொறகு பிளேன் தன்ட பாட்டுல போகும். நாங்க வேற என்ன செய்ய?”

யட்டவத்தையில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் லாபிர் ஹாஜியார், வாய்க்குக் கொண்டுபோன தொதல் துண்டைத் தட்டிலேயே திருப்பி வைத்தார். மூன்று நாளாக அவருக்கு வெளிக்குப் போகவில்லை. காலையில் பேதியாக விழுங்கும் குளிசைப் போத்தலைத் தேடினால் அதுவும் வைத்த இடத்தில் இல்லை. அந்த வயிற்றோடு கேட்கிற கதையா இது?

“வெட்டின நகம்?”

“பேப்பர் விரிச்சுத்தான் வெட்டுவோம். ஒண்டு ரெண்டு தெறிச்சுப் போகும், தேடினாலும் கிடைக்காது. எங்கட கெப்டன் சப்பாத்தக் கழட்டி, சொக்ஸ சூட்டுக் காத்து வாற ஓட்டையில காயப் போடுவாரு. கதவு பூட்டு, எங்கயும் போக ஏலா. பொறகு மூக்கு மயிர் புடுங்குவாரு. இந்தியா தாண்டுமட்டும் ஒரு பக்கம், கடலுக்கு வந்தா மத்தப் பக்கம்.”

“பொறகு?”

“தூங்குவாரு.”

“அப்ப ஓட்டுறது நீங்க?”

“அவரு எழும்பினாப் பொறகு நான் தூங்குவேன்.”

ஹாஜியார் தொதல் தட்டைத் தள்ளி வைத்தார். ஹஜ்ஜுக்குப் போன அன்று இரண்டு ரக்அத் தொழுது, அழுது துஆக் கேட்டு ஏறிய பிளேன். அதன் முன்பக்கத்திலும் ஒருவன் மூக்கு மயிர் பிடுங்கிக்கொண்டுதான் இருந்திருப்பான்.

ஆனாலும் பொறுத்துக்கொண்டார். பக்கத்துக் கடை அப்துல் ஸமதுக்கு டொக்டர் மருமகன் கிடைத்த நாளிலிருந்து, கடைத்தெருவின் முதல் ஸலாம் அந்தக் கடைக்குத்தான் போகிறது. அதை முறிக்க டொக்டருக்கு மேலே ஒரு மருமகன் வேண்டும். மேலே என்றால் பைலட்டுக்கு மேலே யார் இருக்கிறார்கள்?

மகள் நிஷ்மியாதான் ஒரு கிழமையாக, “கெம்பஸ் முடிக்காம எனக்குக் கலியாணம் வாணாம்” என்று அழுதுகொண்டிருந்தாள். இன்று பார்த்தால் சுபஹுத் தொழுகைக்கே எழுந்து குசினியில் நிற்கிறாள். தன் கையாலேயே மாட்டிறைச்சி ஆக்கி, தனிக் கோப்பையில் ஊற்றி, “இது மாப்பிளைக்கு மட்டும்” என்று மூடியும் போட்டுவிட்டாள். பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது என்று ஹாஜியார் அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்.

லுஹர் தொழுதுவிட்டு வந்ததும் சஹன் வைத்தார்கள். ஒரே பெரிய தட்டில் சோறு. சுற்றியிருந்து எல்லாரும் அதிலேயே கைபோட்டு உண்பது வழக்கம். ஹாஜியாரின் மனைவி முனவ்வரா திரைக்குப் பின்னாலிருந்து கோப்பையை நீட்டினாள்.

“மாப்பிளைக்குக் குடுங்க. மகள் ஆக்கின.”

ஹஸீப் பிஸ்மி சொன்னார். பிறகு, சோற்றில் கை வைக்காமல், போனை எடுத்தார்.

“சேர், பகலைக்கு என்ன சாப்பிட்டீங்க? ஆ, பீஃபா? சரி சேர்.”

போனை வைத்துவிட்டு, இறைச்சிக் கோப்பையை ஒற்றை விரலால் அந்தப் பக்கம் தள்ளினார். பருப்பை எடுத்தார்.

“என்ன மகன்?” என்றார் ஹாஜியார்.

“இன்னைக்கு ராவைக்கு நானும் கெப்டனும் ஒண்டாப் பறக்கிறோம் அங்கிள். ரெண்டு பேரும் ஒரே சாப்பாடு தின்னக் கூடாது. அது கெட்டதா இருந்தா ரெண்டு பேருமே படுத்திருவோம். பொறகு பிளேன யாரு எறக்கிற?”

“அவரு திண்டது நீர்கொழும்பு மாடு. இது யட்டவத்த மாடு.”

“மாடு மாடுதான் அங்கிள்.”

மூன்று நாளாக உள்ளே இறுகிக் கிடந்ததெல்லாம் கோபமாக மேலே ஏறியது ஹாஜியாருக்கு.

“நகம் பொறுக்கின கைய எங்கட சஹன்ல வைக்கலாம், என்ட புள்ள ஆக்கின இறைச்சி மட்டும் உங்களுக்கு நஞ்சா? இங்க பாருங்க!”

கோப்பையைத் தன் பக்கம் இழுத்தார். ஒரு துண்டு, இரண்டு துண்டு என்றில்லை, மொத்தத்தையும் தின்றார். அடியில் ஒட்டிய மசாலாவையும் சுட்டுவிரலால் வழித்து நக்கினார். கொஞ்சம் கசந்தது. கோபத்தில் தின்றால் தேனும் கசக்கத்தான் செய்யும்.

“பாத்தீங்களா? படுத்தேனா நான்? ஒரு ஏப்பம் கூட இல்ல. போங்க, போய் உங்கட கெப்டன்ட மூக்கப் பாத்துக்கிட்டு ஈங்க. இந்த ஊட்டுல உங்களுக்குப் பொண்ணு இல்ல.”

ஹஸீப் தன் உம்மாவைக் கூட்டிக்கொண்டு வேனில் ஏறினார். கதவடைத்த சத்தம் இரண்டு வீடுகளுக்குக் கேட்டிருக்கும். முனவ்வரா வாயில் முந்தானையை வைத்தபடி உள்ளே போனாள்.

ஹாஜியார் தோல் நாற்காலியில் சாய்ந்தார். முதல் ஸலாம் அப்துல் ஸமதுக்கே போகட்டும். சொக்ஸ் காயப்போடுகிற கூட்டத்துக்குப் பெண் கொடுக்கவில்லை, அந்த மட்டில் மானம் தப்பியது. இனி இந்த வயிற்றுக்குத்தான் ஏதாவது வழி பார்க்க வேண்டும்.

தோட்டத்துக் கிணற்றடியில் ஒளிந்திருந்த நிஷ்மியா, வேன் போன சத்தம் கேட்டுச் சிரித்த முகத்தோடு ஓடி வந்தாள்.

“மகள், என்ட குளிசைப் போத்தலக் கண்டீங்களா? வயிறு கல்லு மாதிரி ஈக்கிது.”

வழித்துத் துடைத்த காலிக் கோப்பையை அவள் பார்த்தாள். சஹனில் பருப்பு மட்டும் சிந்தியிருந்த மாப்பிள்ளையின் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு வாப்பாவின் சுட்டுவிரலைப் பார்த்தாள்.

“அதத்தான் இப்ப திண்டு முடிச்சீங்க வாப்பா.”