சிவந்த வயிறு

மலேரியாக் காய்ச்சலில் விடியும்போது இறந்த ஏழு வயதுச் சிறுமியை முன்னறையில் கிடத்தியிருக்கிறார்கள். சாவு வீடென்றாலும் வேலை வேலைதான் என்று மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு, ஆய்வுக்காகக் கொசு பிடிக்கும் சுகாதார ஊழியர் உள்ளறையில் அவளுடைய கட்டிலருகே மண்டியிட்டிருக்கிறார். காட்டுமரங்களைத் தாண்டி வந்த வெயில் பலகைச் சுவரில் சாய்ந்து விழுகிறது. இரவில் ரத்தம் குடித்த கொசு கனம் தாங்காமல் பக்கத்துச் சுவரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதோ, வயிறு சிவந்து புடைத்த ஒன்று. கண்ணாடிக் குழாயை அதன்மேல் மெல்லக் கவிழ்த்துப் பிடித்து, வாயைப் பஞ்சால் அடைக்கிறார். "அதுக்குள்ள இருக்கறது எம் பொண்ணு ரத்தமா, சார்?" வாசலில் தாய் நிற்கிறாள். "இருக்கலாம்மா." "அப்ப அதக் கொன்னுடாதீங்க." அவள் குழாயை வாங்கிக் கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொள்கிறாள். நாளை மாலைக்குள் கொசுவின் வயிற்றில் ரத்தம் செரித்து அந்தச் சிவப்பு கறுத்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். அவர் பையிலிருந்து இன்னொரு குழாயை எடுக்கிறார்.