சனிக்கிழமை பத்து மணி

“இலக்கு நாலுக்கு உன் பிளான்ல ஒண்ணுமே இல்லியேம்மா. முழுக்க லேப், லேப், லேப்னுதான் இருக்குது,” என்றார் முதல்வர் செல்லப்பன்.

கலைவாணி தலைகுனிந்தாள். கல்லூரிக்கு ஐந்து இலக்குகள். ஆசிரியர்களின் வாரவேலை ஒவ்வொன்றும் அவற்றில் ஏதாவது ஒன்றோடு பொருந்த வேண்டும். நான்காவது, சுற்றுக் கிராமங்களுக்குப் பயன்படுவது.

“மணிமொழி பிளானப் பாரு. சனிக்கிழமை பத்து டு பன்னெண்டு, சீயமங்கலம் ஸ்கூல்ல சயின்ஸ் கிளாஸ். இதுல்ல பிளான்.”

பக்கத்து நாற்காலியில் மணிமொழி கூச்சமாகச் சிரித்தாள். வேதியியல் துறையில் நிரந்தரமாகப் போவது ஒரே ஓர் இடம். தற்காலிகமாக இருப்பது இவர்கள் இருவர். கலைவாணி வந்து நாலு வருடம். மணிமொழி வந்தது போன ஜூனில்.

வெளியே வந்ததும் மணிமொழி சொன்னாள். “நீங்களும் சீயமங்கலம் வாங்களேன் மேடம். நாள மாத்திக்கலாம். ரெண்டு பேர் பிளான்லயும் போட்டுக்கலாம்.”

“உங்க தயவுல எனக்கு ஒண்ணும் வேணாம் மேடம்.”

கலைவாணிக்கு வயிறு எரிந்தது. பேப்பரில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். நிஜமாகவே போகிறாளா, யார் பார்த்தது?

சனிக்கிழமை காலை, சீயமங்கலம் போக தேசூர் பஸ்ஸில் ஏறினாள். கல்லூரியில் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் இல்லாவிட்டால் குடிமுழுகிவிடாது. ஜன்னலில் ராஜகிரிக் கோட்டை மலை பின்னால் நகர்ந்தது.

சீயமங்கலம் பள்ளிக்கூடத்தில் வகுப்பறை பூட்டியிருந்தது. பள்ளி ஆயா தைலம்மாள் வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள்.

“சயின்ஸ் டீச்சர் வர்லியா?”

“வாராவாரம் வந்துடுமே. இன்னிக்கு இன்னாமோ அவசரம்னு காலையிலேயே போன் பண்ணிச்சு. புள்ளைங்கள வூட்டுக்கு அனுப்பிட்டேன்.”

கலைவாணி பூட்டைப் படம் எடுத்தாள். வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

திங்கட்கிழமை முதல்வரின் மேஜையில் செல்போனை வைத்தாள்.

“பொறாமையில சொல்றேன்னு நெனைக்காதீங்க சார். பிளான்ல எழுதினா செய்யணும் இல்லியா?”

“கண்டிப்பா செய்யணும். நீயே நேர்ல போயிப் பாத்தியா?”

“ஆமா சார். படத்துலயே மணி இருக்குது பாருங்க. பத்து இருபது.”

செல்லப்பன் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு கோப்பிலிருந்து ஒரு தாளை உருவி வாசித்தார்.

“சனிக்கிழமை ஒம்பது டு பன்னெண்டு, முதலாண்டு லேப். இலக்கு ஒண்ணு. இது உன் பிளான்தானேம்மா?”

கலைவாணி செல்போனைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். அவர் ஆய்வகப் பதிவேட்டைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார்.

சனிக்கிழமைக்கு நேரே, மணிமொழியின் கையெழுத்து: “மாணவிகள் வெளியே காத்திருந்தார்கள். கலைவாணி மேடத்துக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது. அவருக்குப் பதிலாக நான் எடுத்தேன்.”