ஏழு கிலோ

படுக்கையின் மேல் இஸ்திரிப் பெட்டி உட்கார்ந்திருந்தது.

"அத்தை, தீவுக்கு எதுக்கு இஸ்திரிப் பெட்டி?" என்றாள் மாத்திரை. மருந்துக்கடையில் வேலை பார்ப்பதால் குடியிருப்பு முழுக்க அவளுக்கு அந்தப் பெயர்தான்.

"கசங்கிப் போய் நின்னா கடல் என்ன நினைக்கும்?"

ஆளுக்கு ஒரு பை. ஒரு பைக்கு ஏழு கிலோ. அதற்குமேல் ஒரு கைக்குட்டையைக்கூட ஏற்ற மாட்டோம் என்கிற தோரணையில் விமானக்காரர்கள் எழுதி அனுப்பியிருந்தார்கள். டாக்சி வர இன்னும் முக்கால் மணி நேரம்.

அத்தை முப்பத்தொரு வருடம் தபால் நிலையத்தில் பார்சல் எடை போட்டு ஓய்வு பெற்றவள். பையின் காதைப் பிடித்துத் தூக்கினாள். கண்ணை மூடினாள். ஒரு ஆட்டு ஆட்டினாள்.

"ஆறே முக்கால்."

மாத்திரைக்கு நம்பிக்கை வரவில்லை. குளியலறையிலிருந்து எடை பார்க்கும் மெஷினை இழுத்து வந்தாள். பையை மட்டும் வைத்தால் முள்ளை மறைத்துக்கொண்டது. பையோடு ஏறி நிற்க வேண்டும், பிறகு பையில்லாமல் ஏறி நிற்க வேண்டும், கழித்துப் பார்க்க வேண்டும்.

அங்கேதான் சிக்கல். தன் எடையை அத்தை டாக்டரிடம்கூட உண்மையாகச் சொன்னதில்லை.

"அப்ப நீ ஏறு" என்றாள் அத்தை. மாத்திரையும் ஆறு மாதமாக அந்த மெஷின் இருக்கும் திசையில் தலைவைத்துப் படுக்கவில்லை.

கடைசியில் மாத்திரை சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பது, அத்தை ஏறுவது என்று முடிவாயிற்று. பின்னால் மெஷின் இரண்டு தடவை முனகியது. அத்தை விரல் விட்டுக் கழித்துக்கொண்டிருந்தாள்.

மறுபடியும் முதலிலிருந்து கழித்தாள்.

"எவ்வளவு அத்தை?"

"மெஷின் ரிப்பேர்."

பத்து கிலோ நானூறு.

இஸ்திரிப் பெட்டி வெளியே போனது. கெட்டில் போனது. துணி காயப்போடக் கயிறு, கூடவே இருபத்து நாலு கிளிப். இரண்டு குடை, ஒன்று வெயிலுக்காம், ஒன்று மழைக்காம். "யார் யாரோ போர்த்தினதையெல்லாம் நான் போர்த்திக்க மாட்டேன்" என்று திணித்திருந்த கம்பளியும் போனது.

தன் பை இளைத்துப்போன ஆத்திரத்தில் அத்தை மாத்திரையின் பையைக் கவிழ்த்தாள். காய்ச்சலுக்கு ஓர் அட்டை, வாந்திக்கு ஓர் அட்டை, தலைசுற்றலுக்கு ஓர் அட்டை, பூச்சி கடித்தால், மீன் கடித்தால், யாருமே கடிக்காமல் அரித்தால்.

"நாம போறது கடலுக்கா, ஆஸ்பத்திரிக்கா?"

அவ்வளவு செய்தும் அத்தையின் பை எட்டு கிலோவில் நின்று அடம்பிடித்தது. அத்தை கொஞ்ச நேரம் யோசித்தாள். நாலைந்து துணிகளை வாரிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

வெளியே வந்தபோது ஆள் இரண்டு சுற்றுப் பெருத்திருந்தாள். உள்ளே புது நீச்சல் உடை. அதன்மேல் மூன்று சட்டை. எல்லாவற்றுக்கும் மேலே மழைக்கோட்டு.

"உடம்புல இருக்கிறதை எவனும் எடை போட மாட்டான்" என்றாள் பெருமையாக. உட்காரப் போனாள். இடுப்பு மடங்கவில்லை. நட்டுவைத்த தூண் போல அப்படியே படுக்கையில் மல்லாந்து விழுந்தாள்.

மாத்திரை அவளைத் தூக்கிவிடப் போய், சிரிப்பில் கை வழுக்கித் தானும் பக்கத்தில் விழுந்தாள். இரண்டு பேருக்கும் வயிறு வலித்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஒருத்தி நிறுத்தினால் மற்றவள் ஆரம்பித்தாள்.

"சிரிக்க வைக்காதடி, அப்புறம் இவ்வளவையும் கழட்டணும்" என்று அத்தை குளியலறைக்கு ஓடினாள்.

அப்போதுதான் கைபேசி சிணுங்கியது. கடற்கரை விடுதியிலிருந்து ஒரு படிவம். வருவதற்கு முன்பே நிரப்பி அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

மாத்திரை கண்ணைத் துடைத்துக்கொண்டு நிரப்ப ஆரம்பித்தாள். பெயர். வயது. அத்தை உள்ளேயிருந்தே மூன்று வயதைக் குறைத்துச் சொன்னாள், பாஸ்போர்ட் காட்டிக்கொடுத்தது.

உடன் வருபவர் உங்களுக்கு என்ன உறவு?

கட்டைவிரல் நின்றுவிட்டது.

போன புதன்கிழமை காலைவரை இதற்கு ஒரு பதில் இருந்தது. மாமியார். பதினொன்றரை மணிக்கு நீதிபதி விவாகரத்துத் தாளில் கையெழுத்துப் போட்டதோடு அந்தச் சொல் காலாவதியாகிவிட்டது. அத்தையின் மகன் எதிர் வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தான். அத்தை இவள் பக்கத்தில், மடியில் கைப்பையோடு.

வெளியே வந்ததும் அத்தை ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "நான் கடல்ல குளிச்சதே இல்ல." அன்று சாயங்காலமே டிக்கெட் எடுத்தாயிற்று.

மகன் தன் புது வீட்டில் அம்மாவுக்கென்று ஓர் அறை ஒதுக்கி வைத்திருக்கிறான். அது மாத்திரைக்குத் தெரியும். ஏழு நாள் கழித்து எந்த வீட்டுக்குத் திரும்புவீர்கள் என்று மட்டும் அவள் கேட்கவில்லை.

"என்ன முழிக்கிற?" அத்தை வந்து எட்டிப் பார்த்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேள்வியைப் படித்தாள். "சிநேகிதின்னு போடு. அம்மான்னு போட்டா அங்க நான் ஆடும்போது உனக்கு மானம் போயிடும்."

மாத்திரை அப்படியே போட்டாள்.

இருவருக்கும் வீட்டு முகவரி ஒன்றா? ஆம். இல்லை.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி அத்தையைப் பார்க்கவில்லை.

தோளுக்கு மேலாக ஒரு விரல் நீண்டு வந்து, ஆம் என்பதைத் தட்டியது.

"இதுல என்ன யோசனை? அடுத்த பக்கத்துக்குப் போ."